அஞ்சலையிடம் படிக்காத கடிதம்

போன மாதம் என்னை வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது; கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு மூலக்குளத்தில் மகன் வீட்டில் கிடக்கிற கிழவியை யார் தேடப் போகிறார்கள் என்று இருந்தேன். பவித்ரா என்றொரு பெண் போன் செய்தாள். நான் பார்த்த வேலையை இப்போது அவள் பார்க்கிறாள். சுகாதார நிலையத்திலிருந்து ஜனங்களுக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதை எழுதுகிற வேலை. நோட்டீஸ், மைக் வைத்த ஆட்டோவில் படிக்கிற அறிவிப்பு, வீடுகளுக்கு அனுப்பும் சீட்டு, கடிதம் எல்லாம் அதில் சேர்த்தி. இப்போது எல்லாம் போனிலேயே போகிறதாம்.

"ரோஜாப்பூ படம் போட்டு, கலர் கலரா அனுப்பறோம் மேடம். எல்லாரும் பாக்கறாங்க, கும்பிடு போட்டு பதிலும் அனுப்பறாங்க. ஊசி போட மட்டும் ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்க. மனசுல படற மாதிரி எப்படி எழுதறதுன்னு நீங்க வந்து சொல்லணும்" என்றாள்.

போனேன். இரண்டு மணி நேரம் பேசினேன். பேசவா தெரியாது எனக்கு? சின்னப் பிள்ளைகள் கை தட்டினார்கள். முடிகிற நேரத்தில் பவித்ரா எழுந்து, "நீங்க எழுதினதுல ஏதாவது ஒண்ணு தப்பா போயிருக்கா மேடம்?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் இல்லம்மா" என்றேன்.

நாக்கு கூசாமல் சொன்னேன். டீ குடித்தேன், சால்வை வாங்கிக்கொண்டேன், பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்த பிறகு சோறு இறங்கவில்லை. மருமகள் ஜுரமா அத்தை என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் விழுங்கிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. வில்லியனூர் பக்கத்தில் மாதா கோயில் உள்ள ஒரு சின்ன ஊரில் பிறந்தவள். இந்த வேலைக்கு ஒரு வருடப் பயிற்சி உண்டு. தலைப்பு கவர்ச்சியாக இருக்க வேண்டும், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், மொழி எளிமையாக இருக்க வேண்டும் என்றெல்லாம் போர்டில் எழுதிப் போட்டார்கள். நானும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு எங்கே போயிற்று என்றுகூடத் தெரியாது. எழுதக் கற்றது பாகூர் கொம்யூனில், அதாவது பாகூர் வட்டாரப் பஞ்சாயத்தில், ஒரு சுகாதார நிலையத்தில், டாக்டர் ஞானவேலிடம். அந்த நிலையம் எந்த ஊரில் என்பது வேண்டாம்.

ஞானவேல் சார் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சிவப்புப் பேனா வைத்திருந்ததும் இல்லை. நான் எழுதியதை வாங்கி மேசையில் வைத்து, இரண்டு கைகளாலும் தாளைத் தடவி நிமிர்த்துவார். ஒரு தடவை படிப்பார். பிறகு கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுக் கேட்பார்.

"இது யாருக்கு ஸ்டெல்லா?"

"மக்களுக்கு சார்."

"மக்கள்னு யாரும் இதுவரைக்கும் நம்ம ஓ.பி.க்கு வந்ததில்லையே. பேரு சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வந்த புதிதில், இந்த ஆளுக்கு வேறு வேலை இல்லையா என்று முணுமுணுத்துக்கொண்டே வராந்தாவுக்குப் போவேன். போய் உட்கார்ந்து பேர் யோசிப்பேன். யாருடைய முகம் ஞாபகத்துக்கு வருகிறதோ அவருக்கு எழுதினால் எழுத்து தானாக மாறிவிடும் என்பது கொஞ்ச நாளில் எனக்கே புரிந்தது.

அது முதல் கேள்வி. இரண்டாவதை அவர் என்னிடம் கேட்க மாட்டார். அஞ்சலையைக் கூப்பிடுவார். அஞ்சலை அக்கா எங்கள் நிலையத்தில் பெருக்கித் துடைக்கிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. வாய் மட்டும் இந்தக் கொம்யூன் எல்லையைத் தாண்டிக் கேட்கும். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார். சார் நான் எழுதியதை ஒரே ஒரு தடவை, நிறுத்தாமல் படிப்பார். படித்துவிட்டு, புரிஞ்சுதா என்று கேட்கவே மாட்டார்.

"அஞ்சல, இதக் கேட்டுட்டு நாளைக்குக் காலைல இன்னா செய்வே?" என்பார்.

அஞ்சலை அக்கா சொல்வதை அப்படியே, ஒரு எழுத்து மாற்றாமல், தாளின் பின்பக்கத்தில் எழுதி தேதி போடுவார். முன்பக்கத்தில் நாங்கள் கேட்டதும் பின்பக்கத்தில் அக்கா செய்வேன் என்று சொன்னதும் ஒன்றாக இருந்தால் நோட்டீஸ் அச்சுக்குப் போகும். இல்லாவிட்டால் தாள் என் கைக்கு வரும். அவ்வளவுதான். அதற்கு மேல் சார் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

கொசு நோட்டீஸ் ஒன்று ஞாபகம் இருக்கிறது. "வீட்டைச் சுற்றித் தேங்கியுள்ள நீரை உடனடியாக அகற்றவும்" என்று எழுதியிருந்தேன். அஞ்சலை அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஒண்ணும் செய்ய மாட்டேன் சார். எங்க வூட்ல ஏது சார் தேங்கின தண்ணி? நாங்க இன்னா அவ்ளோ அசிங்கமாவா வெச்சிக்கினு இருக்கோம்?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். சார் சிரிக்காமல் அதையும் பின்பக்கத்தில் எழுதினார். மறுநாள் நான் அக்கா வீட்டுக்கே போய்ப் பின்பக்கம் பார்த்தேன். உடைந்த ஆட்டுக்கல், தேங்காய்த் தொட்டி, பழைய டயர் எல்லாவற்றிலும் தண்ணீர் நின்றது. "சனிக்கிழமை காலையில் வீட்டுக்குப் பின்னால் போங்கள். ஆட்டுக்கல், தொட்டி, டயர் மூன்றையும் கவிழ்த்து வையுங்கள்" என்று மாற்றி எழுதினேன். அக்கா கேட்டுவிட்டு, "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்னொன்று மாசமாக இருக்கிற பெண்களுக்கான சீட்டு. அவர்கள் சரியாகப் பரிசோதனைக்கு வருவதில்லை. நான் அந்தப் பெண்களுக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு மாமியார்களுக்கு எழுதினேன். "உங்கள் மருமகளை நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள். டாக்டர் உங்களிடம்தான் பேச வேண்டும் என்கிறார்" என்ற ஒரு வரிதான் விஷயம். அடுத்த புதன்கிழமை பெஞ்சில் இடம் இல்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார்கள் மகராசிகள். சார் ஒவ்வொருவருக்கும் நாற்காலி போட்டுப் பேச வேண்டியதாயிற்று.

அன்று மத்தியானம் சார் என்னைக் கூப்பிட்டார். பாராட்டப் போகிறார் என்று போய் நின்றேன்.

"ஒருத்தரை எது அசைக்கும்னு உங்களுக்கு நல்லா தெரியுது ஸ்டெல்லா. அசைஞ்சு எந்தப் பக்கம் போவாங்கன்னும் பாத்துக்குங்க" என்றார்.

முதல் பாதி மட்டும் என் காதில் விழுந்தது. மாவட்டக் கூட்டத்தில் அந்த மாமியார் சீட்டைப் படித்துக் காட்டினார்கள். மற்ற நிலையங்களில் நகல் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போகும்போது யாராவது நோட்டீஸை நின்று படித்தால் நானும் பக்கத்தில் நின்று அவர் முகத்தைப் பார்ப்பேன். அவ்வளவு கர்வம்.

தணிகாசலம் அந்தச் சமயத்தில்தான் வந்தார். செலியமேட்டுக்காரர். கரும்பு வெட்டுகிறவர். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். காசநோய் என்று உறுதியாகி எங்களிடம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரை. வரும்போதெல்லாம் மகள் ராஜியைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. மாத்திரை வாங்கக் காத்திருக்கும் நேரத்தில் அந்தப் பெண் சுவரில் ஒட்டியிருக்கிற என் போஸ்டர்களை விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிக்கும். அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். முடிந்ததும், "இன்னொன்னு படி" என்பார். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

இரண்டு மாதம் ஒழுங்காக வந்தார். இருமல் குறைந்தது, உடம்பு தேறியது, வெட்டு வேலை தொடங்கியது, வருவதை நிறுத்திவிட்டார். இது எல்லோரும் செய்கிறதுதான். எங்கள் களப்பணியாளர் ஏழுமலை இரண்டு தடவை போய்க் கூப்பிட்டார். "எனக்குத்தான் நல்லாயிடுச்சே" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டாராம்.

அப்படி நிறுத்தியவர்களுக்குக் கடிதம் எழுதுவது என் வேலை. அதற்கும் சார் வைத்த முறை உண்டு. கார்டில் எழுதக் கூடாது, தபால்காரர் படித்துவிடுவார். வெறும் பழுப்பு உறை, மேலே நோயின் பெயரோ முத்திரையோ கூடாது. கையால் எழுத வேண்டும். கார்பன் நகல் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். அனுப்புவதற்கு முன்னால் பெயரை மட்டும் விட்டுவிட்டு அஞ்சலையிடம் படிக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் இரண்டு வாரம் சார் விடுப்பில் இருந்தார். அவருடைய அம்மாவுக்கு முடியவில்லை என்று ஊருக்குப் போயிருந்தார். நான் தணிகாசலத்தின் கடிதத்தை ஒரே மூச்சில் எழுதினேன். இந்த ஆளை எது அசைக்கும் என்று எனக்குத்தான் தெரியுமே! இப்படி எழுதினேன்:

"அன்புள்ள தணிகாசலம் அவர்களுக்கு, வணக்கம். நீங்கள் நலமாகிவிட்டதாக நினைக்கிறீர்கள். ஆனால் நீங்கள் ஒவ்வொரு முறை இருமும்போதும் கிருமி காற்றில் கலக்கிறது. அந்தக் காற்றைத்தான் உங்கள் மகள் ராஜேஸ்வரி சுவாசிக்கிறாள். அவளைப் பக்கத்தில் படுக்க வைக்கும்போதும், மடியில் வைத்துக் கொஞ்சும்போதும் உங்கள் நோயை அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நாளை அந்தக் குழந்தை இருமினால் அதற்குக் காரணம் நீங்களாகத்தான் இருப்பீர்கள். மாத்திரையை மறுபடி தொடங்கி விடாமல் சாப்பிட்டால் சில வாரங்களிலேயே பிறருக்குப் பரவுவது நின்றுவிடும். வீட்டில் இருந்தபடியே குணமாகலாம். உடனே வந்து எங்களைப் பாருங்கள்."

எழுதி முடித்து நானே இரண்டு தடவை படித்தேன். எனக்கே கண் கலங்கியது. கலங்கியதில் ஒரு சந்தோஷம் வேறு. வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த அஞ்சலை அக்கா நிமிர்ந்து, "இன்னா மேடம், இன்னைக்கு எனக்குப் படிக்கலியா?" என்று கேட்டார்.

"சார் வரட்டும் அக்கா" என்றேன். உறையை ஒட்டினேன். மாவட்டக் கூட்டத்தில் பேர் வாங்கியவள் இதைப் போய்ப் பெருக்குகிறவரிடம் படித்துக் காட்ட வேண்டுமா என்று நினைத்தேன். மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

தணிகாசலம் வரவில்லை. ஒரு வாரம் கழித்து ஏழுமலை வந்து, "அந்த ஆளு வூட்டுலயே இல்ல மேடம். வயல்ல மோட்டார் கொட்டாயில போய்ப் படுத்துக்கினு இருக்காராம். பொண்டாட்டிகிட்ட ஏதோ சண்டையாம்" என்றார். குடும்பச் சண்டை என்று நானும் விட்டுவிட்டேன். கடிதம் அனுப்பியாயிற்று என்று பதிவேட்டில் குறித்தேன்.

சார் திரும்பி வந்த அன்றே கடித நகல்களைக் கேட்டார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். தணிகாசலத்தின் நகலின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அஞ்சலை அக்காவைக் கூப்பிட்டார். பெயர்களை விட்டுவிட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். அக்காவின் முகம் பாதியிலேயே மாறிவிட்டது.

"நாளைக்குக் காலைல இன்னா செய்வே அஞ்சல?"

"வூட்ட வுட்டுப் போயிடுவேன் சார்."

சார் பேனாவை எடுக்கவில்லை. "கடைசியில மாத்திர சாப்ட்டா நல்லாயிடும், வூட்லயே இருக்கலாம்னு எழுதியிருக்கே?" என்றார்.

"அது எங்க சார் காதுல வுழுந்துது? கொழந்த இருமினா நீதான் காரணம்னு சொன்னப்பவே காது அடச்சிக்கிச்சு. நான் பெத்த கொழந்தைக்கு என்னால வரும்னா அப்புறம் நான் அந்த வூட்டுல இருப்பனா? எங்கனா கண்காணாத போயி சாவலாம்னு தோணும். ஏன் சார், யாருக்கு எழுதினது இது?"

சார் அப்போதுதான் எழுதினார். அக்கா சொன்னது அத்தனையும் எழுதி, தேதி போட்டு, நகலை என் கையில் கொடுத்தார். "நல்லா எழுதியிருக்கீங்க ஸ்டெல்லா" என்றார். திட்டுகிற குரல் இல்லை. "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. அதான் கஷ்டம்."

பிறகு தணிகாசலத்தின் சிகிச்சை அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெருவிரல் ரேகை. பதிந்தது நான்தான். அவருடைய விரலைப் பிடித்து மையில் ஒற்றியவள் நான். அந்தப் பெண் அப்பாவுக்குப் போஸ்டர் படித்துக் காட்டியதை நாள் தவறாமல் பார்த்தவளும் நான். அந்த வீட்டில் படிக்கத் தெரிந்தது யாருக்கு என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றவில்லையே, பாவி! தகப்பனுக்கு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பத்து வயசுக் குழந்தையின் வாயில் அந்த வார்த்தைகளை வைத்து அனுப்பியிருக்கிறேன்.

அந்த நிமிடமே ஜீப்பில் கிளம்பினோம். தணிகாசலத்தின் மனைவி செல்வி வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். "கடுதாசி வந்த அன்னிக்கே கொட்டாய்க்குப் போயிட்டாரு சார். சோத்த வரப்புல வெச்சிட்டு நான் திரும்பி வந்த பொறவுதான் எடுப்பாரு. இவ கிட்டப் போனா மண்ணாங்கட்டிய வுட்டு எறிவாரு. நேத்து வெட்டு கோஷ்டியோட பண்ருட்டிப் பக்கம் போயிட்டாராம்" என்றார். ராஜி கதவுக்குப் பின்னால் நின்றது. தாய்க்கும் பெண்ணுக்கும் சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் எடுக்க வைத்தார் சார். இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை.

அவருக்குச் செய்தி சொல்லி அனுப்பிப் பார்த்தோம். ஏழுமலை இரண்டு தடவை அந்தப் பக்கமே போய்த் தேடினார். கோஷ்டி ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தது. நாலு மாதம் கழித்து அவரைக் கொண்டுவந்து சேர்த்தபோது எலும்புதான் மிச்சம். பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். நான் போய்ப் பார்த்தேன். கும்பிட்டார். "பாப்பா நல்லா இருக்குதா மேடம்? இருமல் கிருமல் ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நீங்க சரியான நேரத்துல எழுதிப் போட்டீங்க மேடம்" என்றார். எனக்கு நன்றி சொன்னார். அதை எப்படித் தாங்கினேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

அவருடைய காரியம் முடிந்த மறுநாள் ஏழுமலையின் வண்டியில் செலியமேட்டுக்குப் போனேன். செல்வியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அந்த நகலையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். வீடு நிறைய ஜனம். அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தேன். வண்டியில் ஏறும்போது ராஜி பின்னாலேயே வந்து என் புடவையைத் தொட்டது.

"மேடம், அந்தக் கடுதாசிய நான் சரியாத்தானே படிச்சேன்?"

"சரியாத்தான் படிச்சேம்மா" என்றேன். ஏழுமலையைப் பார்த்து, கிளம்புப்பா என்றேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. சார் மேலதிகாரிகளுக்கு எழுதவில்லை. மெமோ ஒன்று வந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு ஓய்வு பெறுகிற வரைக்கும் அஞ்சலை அக்காவிடம் படிக்காமல், அவர் வேலையை விட்டு நின்ற பிறகு வேறு யாரிடமாவது படிக்காமல், ஒரு துண்டுச் சீட்டுகூட நான் அனுப்பியதில்லை. பயமுறுத்துகிற வரியை முதலில் எழுதியதும் இல்லை. இதையெல்லாம் அன்றைக்கு வகுப்பில் முறை என்று சொல்லிக் கொடுத்தேன். எங்கே கற்றேன் என்று மட்டும் சொல்லவில்லை.

வகுப்பு முடிந்த மூன்றாம் நாள் ஏழுமலைக்குப் போன் போட்டேன். ராஜியை மடுகரையில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். வில்லியனூரில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். முப்பது வயதுப் பெண் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். சட்டென்று அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஸ்டெல்லா மேடம்தானே? வாங்க, உள்ள வாங்க. இன்னா இவ்ளோ தூரம்?"

தண்ணீர் கொடுத்தாள். அவளுடைய போனில் ஏதோ செய்தி வந்த சத்தம் கேட்டது. அடுப்படியிலிருந்து மாமியார், "யாருடி, இன்னா போட்டுக்கிறாங்க, படி" என்றார். ராஜி போனைக் கையில் வைத்துக்கொண்டு உதடு அசையாமல் கடைசி வரை படித்தாள். பிறகுதான், "கரென்ட் ஆபீஸ்லேருந்து அத்த. நாளைக்குக் காலைல கரென்ட் இருக்காதாம்" என்றாள். என் பக்கம் திரும்பி, "எது வந்தாலும் முழுசா மனசுக்குள்ள படிச்சிட்டுத்தான் மேடம் வெளிய படிப்பேன். சின்ன வயசுலேருந்து அப்படி ஆயிடுச்சு" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் யோசித்து வைத்ததெல்லாம் போய்விட்டது. "அந்தக் கடிதத்தைப் பத்திப் பேசத்தாம்மா வந்தேன்" என்றேன்.

அவள் எழுந்து போய் ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தாள். உள்ளேயிருந்து என் கடிதத்தை எடுத்தாள். மடிப்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது.

"நான் அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன் மேடம். நான் சரியா படிக்கல. இந்த 'காரணம் நீங்களாகத்தான்'ன்ற எடம் வந்ததும் அப்பா கைய காட்டிட்டாரு. போதும்மான்னாரு. எழுந்து வெளிய போயிட்டாரு. அதுக்குக் கீழ இருக்கறத நான் படிக்கல. ராத்திரிக்கு அவரு வருவாரு, அப்ப படிக்கலாம்னு வெச்சிட்டேன். வரவே இல்ல. அப்புறம் நானா எடுத்துப் படிச்சா, வூட்லயே இருக்கலாம்னு போட்டிருக்குது. சொல்லலாம்னு ஓடினேன் மேடம். வரப்புலேருந்து கத்தினேன். கிட்ட வராத வராதன்னு கல்லெடுத்து வுட்டாரு, நான் சொன்னது அவருக்குக் கேக்கவே இல்ல. நான் ஒரு மூணு வரி படிச்சிருந்தா..."

இருபது வருடமாக இந்தப் பெண் இதைச் சுமந்துகொண்டிருக்கிறாள். நான் பைக்குள் கை விட்டு என் நகலை எடுத்தேன். எழுதினவளுடைய தப்பு அது, படித்தவளுடையது இல்லை என்று சொன்னேன். அஞ்சலை அக்கா யார் என்று சொன்னேன். அவரிடம் படிக்காமல் அனுப்பியதைச் சொன்னேன். பிறகு தாளைத் திருப்பி, அக்கா சொன்னதை டாக்டர் எழுதியிருந்த பக்கத்தைக் காட்டினேன்.

ராஜி அதையும் மனசுக்குள் கடைசி வரை படித்தாள். இரண்டாம் தடவை விரல் வைத்துப் படித்தாள்.

"இவங்களுக்கு முழுசா படிச்சாங்களா மேடம்?"

"முழுசா படிச்சாரும்மா. நீ விட்ட மூணு வரியும் சேத்துத்தான்."

"அப்படியும் வூட்ட வுட்டுப் போயிடுவேன்னா சொன்னாங்க?"

"அப்படியும் அதைத்தான் சொன்னாங்க."

அவள் அழுதாள். மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தத் தேதியைப் பார்த்தாள். ஏதோ கணக்குப் போடுகிறவள்போல விரலை மடக்கினாள்.

"இது அப்பா சாகறதுக்கு முன்னாடி தேதி ஆச்சே. நான் உங்ககிட்ட வந்து கேட்டப்ப இது உங்ககிட்ட இருந்துதா மேடம்?"

"இருந்ததும்மா. பையில வெச்சிக்கினுதான் நின்னேன்."

ராஜி இரண்டு தாளையும் சேர்த்து மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த நகல் என்னுடையது. திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தாள். பஸ் கண்ணுக்குத் தெரிந்த பிறகு கேட்டாள்.

"அந்த அஞ்சல அக்கா இருக்காங்களா மேடம்? அவங்கள ஒரு தடவ பாக்கணும்."

"போன மாசியிலதாம்மா தவறிட்டாங்க."

பஸ் வந்து நின்றது. படி உயரமாக இருந்ததால் என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

"ஒரு வருஷம் முன்னாடி வந்திருக்கலாம் மேடம்" என்றாள்.